ஒண்ணாம் நம்பர் கூண்டு

பாம்பன்ல கூண்டு ஏத்துனா எங்க வீட்டுல பை கட்டணும். அது எங்க வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் சார்ஜாவுல இருக்கார், பை கட்டுறவ கீழக்கரையில இருக்கேன்.

அன்னைக்குக் காலையில இடியாப்பம் அவிச்சுக்கிட்டு இருக்கேன், போன் அடிக்குது. எடுத்தா எங்க மச்சான் பாக்கர். எங்க பக்கத்து முஸ்லிம் வீடுகள்ல புருசனை மச்சான்னுதான் கூப்பிடுவோம். மனுசன் ஸலாம்கூடச் சொல்லல.

“நூரு, பாம்பன்ல கூண்டு ஏத்தியாச்சாம். மகளைக் கூட்டிக்கிட்டு கிளம்பு.”

“எந்த நம்பர் கூண்டு மச்சான்?”

“நம்பர் என்ன நம்பரு. ஏத்தியாச்சுல்ல. காளிதாஸுக்கு நானே போன் போட்டுட்டேன், கார் வந்துரும்.”

வாசலுக்கு வந்து பார்த்தேன். மண்டையைப் பொளக்குற வெயில். கொடியில காயப்போட்ட துப்பட்டா விறைச்சுக் கெடக்கு. எங்க தெருக்கோடியில நின்னா கடல் தெரியும். அது பாட்டுக்கு அப்பாத் தீவு வரைக்கும் அசையாமக் கெடந்துச்சு. கரையில ஒருத்தர் உட்கார்ந்து கிழிஞ்ச வலையைப் பொத்துக்கிட்டு இருந்தார்.

இந்தக் கூண்டுச் சமாச்சாரம் எல்லாருக்கும் தெரியாது, அதனால சொல்லிடுறேன். கடல்ல எங்கயாவது காத்தழுத்தம் உண்டானா துறைமுகத்துக் கம்பத்துல கூண்டு ஏத்துவாங்க. ஒண்ணாம் நம்பர்னா, எங்கயோ தூரத்துல ஏதோ இருக்கு, கடலுக்குப் போறவங்க சூதானமா இருந்துக்கங்கன்னு அர்த்தம். ஒரிசாவுக்குப் போற புயலுக்கும் இங்கன ஏத்துவாங்க, வங்காளத்துக்குப் போறதுக்கும் ஏத்துவாங்க. டிவிக்காரன் கடலூர், நாகப்பட்டினம், பாம்பன், தூத்துக்குடின்னு வரிசையா வாசிப்பான். எங்க மச்சான் காதுல பாம்பன் மட்டும்தான் விழும். பாம்பன்ல கூண்டுன்னா பாம்பன்ல புயல், பாம்பன்ல புயல்னா கீழக்கரை போச்சு. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் அவரோட சொந்த ஊரான அபிராமத்துக்குப் போய் அவர் தம்பி வீட்டுல உட்காரணும்.

அபிராமம் உள்நாட்டு ஊரு. அந்த ஊருக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எங்க மச்சான் கல்யாணத்துக்கு அப்புறம்தான் எங்க வீட்டுக்கு வந்து கடலைப் பக்கத்துல பார்த்தார். எங்க ஊர் வழக்கம் அது, பொண்ணுக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பாங்க, மாப்பிள்ளைதான் பொண்டாட்டி வீட்டுக்கு வரணும். எங்க வாப்பா கொழும்புல யாவாரம் பார்த்துக் கட்டுன வீடு, என் பேருல இருக்கு. நாளைக்கு என் மக மர்ஜானாவுக்கு.

காளிதாஸ் எங்க தெரு முக்குல கார் போட்டிருக்கிற பையன். பையை வாங்கி டிக்கியில வைக்கிறப்பவே கேட்டான்.

“என்னக்கா, திரும்பவும் கூண்டா?”

“கூண்டுதான். வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு.”

“கோவிச்சுக்காதீங்கக்கா. ஏசி போடவா? வெயில் தாங்கல.”

போடுன்னேன். புயலுக்குப் பயந்து ஓடுறவ ஏசி போட்டுக்கிட்டு ஓடுறேன், எங்க போய்ச் சொல்ல. ராமநாதபுரம் தாண்டுற வரைக்கும் அவன் கண்ணாடியில பார்த்துச் சிரிச்சுக்கிட்டே வந்தான். நான் பார்க்காத மாதிரி இருந்துக்கிட்டேன்.

மர்ஜானா சிரிக்கல. பிளஸ் டூ படிக்கிறா. வழி பூரா போன்ல அந்தப் புயல் படத்தையே பார்த்துக்கிட்டு வந்தா, கடலுக்கு மேல வெள்ளையா ஒண்ணு சுத்துமே, அது. ரெண்டு விரலால அதைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்க்குறா. என் மக ஆறாவது படிக்கிறப்ப இருந்து கதவுக்குப் பின்னாடி ஒரு பை வச்சிருக்கா. ரெண்டு துணி, ஒரு டார்ச், ஆதார் கார்டு, தண்ணி பாட்டில். அந்தத் தண்ணியை அவளே மாத்திக்குவா.

அபிராமத்துல எங்களுக்குன்னு மாடியில ஒரு ரூம். கொழுந்தன் முஸ்அப் மிளகாய் கமிஷன் யாவாரம் பண்றான். பக்கத்து ரூம் பூரா மிளகாய் மூட்டை. நாங்க போய் இறங்கின நிமிசத்துல இருந்து தும்மல் ஆரம்பிக்கும். ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் செவுரு, கையை நீட்டித் தொடலாம். தப்புச் சொல்லக் கூடாது, முஸ்அப்பும் அவன் பொண்டாட்டி சபியாவும் தங்கமா வச்சுப் பார்ப்பாங்க. அந்தத் தங்கம்தான் எனக்குப் பிரச்சினை. அடுப்பங்கரைக்குப் போனா “லாத்தா, நீங்க உட்காருங்க”ன்னு சபியா கையில இருக்கிற கரண்டியைப் பிடுங்கிருவா. கடைத்தெருவுக்குக் கிளம்புனா “மச்சி, உங்களுக்கு என்ன வேணும், நான் வாங்கியாறேன்”னு முஸ்அப் வாசல்ல வந்து நிப்பான். என் வீட்டுல சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் தெருப் பிள்ளைகள் எல்லாம் என்கிட்ட குர்ஆன் ஓத வரும். இங்கன அஸருக்கு அப்புறம் நான் செவுத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சாயங்காலம் முஸ்அப் மேல ஏறி வந்தான். ரூமுக்குள்ள வராம நெலைக்கிட்ட நின்னான். நல்ல சேதியா இருந்தா அவன் உள்ள வந்து உட்கார்ந்திருப்பான்.

“மச்சி, காக்கா ஒரு முடிவு எடுத்திருக்கார். அவர் உங்ககிட்டப் பேசுவார். நான் முன்னாடியே சொல்லிடுறேன்.” காக்கான்னா அண்ணன், எங்க மச்சானைத்தான் சொல்றான்.

“சொல்லு.”

“கீழக்கரை வீட்டுக்கு ஒரு ஆள் வந்திருக்கார். மதுரைக்காரர். கடலைப் பார்த்த மாதிரி லாட்ஜ் கட்டணுமாம். காக்கா பெருநாளைக்கு அப்புறம் லீவுல வாரார்ல, அப்ப முடிச்சுரலாங்கிறார். எங்க வீட்டுக்குப் பின்னாடி எடம் கெடக்கு. இங்கனயே ஒரு வீடு கட்டிக்கிட்டா நீங்களும் இப்படிப் பையைத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம்.”

எனக்கு அந்த ரூம் செவுரு நாலும் ஒரு அடி உள்ள வந்த மாதிரி இருந்துச்சு. மழைக்காலத்துக்கு மழைக்காலம் நாலு நாள் வந்துட்டுப் போற எடம் இது. இங்கனயே ஆயுசு பூராவும்னு சொல்றான், அதுவும் நல்லது பண்றோம்னு நெனச்சுச் சொல்றான்.

“என் பேருல இருக்கிற வீட்டை விக்கிறதுக்கு உங்க காக்கா யாரு?”

“கோவப்படாதீங்க மச்சி. அவருக்கு அங்கன தூக்கமே இல்லையாம்.”

போன் வந்துச்சு. மச்சான்தான். நான் எவ்வளவு கத்தணுமோ அவ்வளவும் கத்துனேன். அவர் குறுக்கே பேசல. நான் மூச்சு வாங்குறப்ப ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நம்ம மக உசுரு பெருசா, வீடு பெருசா?”

வீடுன்னு சொல்ற தாய் எவளாவது இருக்காளா? முஸ்அப் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். சபியா படியில நின்னு பாவமாப் பார்க்குறா. நான்தான் பிள்ளையைக் கடல்ல தள்ளப் பார்க்குறவ மாதிரி ஆகிப்போச்சு.

“இங்கன வெயில் அடிக்குது மச்சான்,” அப்படின்னேன்.

“வீடியோ வந்திருக்கு நூரு. கடல் நம்ம தெருவுக்குள்ள வந்துருச்சு. நீ கிளம்புனது அல்லாஹ் செஞ்ச உதவி. ரூம்ல எட்டுப் பேருக்கும் வந்திருக்கு. எட்டுப் பேரும் பொய் சொல்றோமா?”

அவங்க ரூம்ல எல்லாருமே எங்க கடற்கரைக்காரங்க. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டி. ராத்திரி சோத்தைத் தின்னுட்டு எட்டுப் பேரும் எட்டுக் கட்டில்ல படுத்துக்கிட்டு எட்டு போனைப் பார்ப்பாங்க. ஒருத்தன் போன்ல அலை அடிக்கும், அப்புறம் அடுத்தவன் போன்ல அடிக்கும். எட்டாவது ஆளு போன்ல அடிக்கிறப்ப எங்க மச்சானுக்கு எட்டுப் புயல் வந்துட்டுப் போயிருக்கும்.

அந்த வீடியோவை எனக்கும் அனுப்புனார். ஒரு செவுத்தைத் தாண்டி அலை வந்து விழுகுது, சனங்க கத்திக்கிட்டு ஓடுறாங்க, ஒரு ஆட்டோ மிதந்து போகுது. கீழ ‘கீழக்கரை, சற்று முன்’னு போட்டிருக்கு. நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தச் செவுரு எங்க ஊர்ல எங்கயும் இல்ல. ஓடுறவங்க கத்துறது தமிழே இல்ல. ஆட்டோவுல எழுதியிருக்கிறது என்ன எழுத்துன்னு எனக்குப் புரியல.

என் வீட்டுக்கு அடுத்த வீடு மாஷிதாவோடது. அவ புருசனும் சார்ஜாவுல அதே ரூம்தான். அவளுக்குப் போன் போட்டேன்.

“மாஷிதா, கடல் எப்படிக் கெடக்கு?”

“எனக்கு எப்படித் தெரியும் லாத்தா? நான் கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திக்கிட்டு உள்ள கெடக்கேன். கடல் தெருவுக்குள்ள வந்துருச்சாமே.”

“யாருடி சொன்னா?”

“வீடியோ வந்துச்சே. நான்தான் நம்ம தெரு குரூப்புல போட்டேன்.”

“உனக்கு யாரு அனுப்புனா?”

“எங்க மச்சான்தான். சார்ஜாவுல யாரோ அனுப்புனாங்களாம். இது நம்ம தெருவான்னு கேட்டு அனுப்புனார்.”

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. அவர் அங்கன இருந்து கேட்டு அனுப்புறார், இவ அதைத் தெரு குரூப்புல போடுறா, தெருப் பொம்பளைங்க ஆளாளுக்கு அவங்கவங்க புருசனுக்கு அனுப்புறாங்க. அங்கன எட்டுப் பேரும், ஊர்ல இருந்தே வந்துருச்சு, அப்ப உண்மைதான்னு தலையில கை வைக்கிறாங்க.

“உன் வீட்டுல இருந்து கடல் எவ்வளவு தூரம்டி?”

“ஏன் லாத்தா, கூப்பிடு தூரம்தான்.”

“எந்திரிச்சுப் போய் ஜன்னலைத் திறந்து பாரு.”

தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச்சு.

“லாத்தா, பயலுக பந்து விளையாடிக்கிட்டு இருக்கானுங்க.”

மச்சானுக்குத் திரும்பப் போன் போட்டு இதை அப்படியே சொன்னேன். அவர் சொன்னார், “சரி, இது பொய்யாவே இருக்கட்டும். நாளைக்கு நெசமாவே வந்தா?”

“வராதுன்னு நான் சொன்னேனா? வரும். வந்தா நானே மகளைத் தூக்கிக்கிட்டு ஓடுவேன், நீங்க சொல்லணும்னு இல்ல. நான் சொல்றது ஒண்ணுதான். எங்கெங்கயோ, என்னைக்கோ அடிச்ச புயல் எல்லாம் உங்க போன்ல வந்து இன்னைக்கு எங்க தெருவுல அடிக்குது. மச்சான், கீழக்கரையில நான் வாரம் ஒருக்கா குடத்தை வச்சுக்கிட்டு தண்ணி லாரிக்கு நிக்கிறேன். மழை பெய்யலையேன்னு பள்ளிவாசல்ல துஆ கேக்குறோம். அதை எவனாவது வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்புறானா? காலிக் குடத்தைப் பார்த்து எவன் பயப்படுவான்?”

“நீ தனுஷ்கோடியை மறந்துட்டுப் பேசுற,” அப்படின்னார்.

அங்கனதான் இருக்கு எல்லாம். கல்யாணம் முடிஞ்ச வாரம் சொந்தக்காரங்க எல்லாம் வேன் வச்சு எங்களை தனுஷ்கோடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. புது மாப்பிள்ளைக்குக் கடலைக் காட்டுறோம்னு போனது. எல்லாரும் இடிஞ்சு போன சர்ச்சு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தாங்க, சோவி மாலை வாங்குனாங்க, மீன் பொரிச்சதைத் தின்னாங்க. எங்க மச்சான் மட்டும் அந்தச் செவுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே நின்னார். ஒரே ராத்திரியிலயான்னு கேட்டார். ஆமா, ஒரே ராத்திரியிலதான், ரயிலோட போச்சுன்னு எங்க சாச்சா சொன்னார். அன்னைக்கு ராத்திரி அவர் என் வீட்டுல படுத்துக்கிட்டு அலைச் சத்தம் கேட்டுக்கிட்டே கெடந்தார். அறுபது வருசத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி அடிச்ச புயலு அது. எங்க மச்சானுக்கு அது தினமும் ராத்திரி அடிக்குது. எனக்கு அவர் மேல கோவமும் இருக்கு, பாவமாவும் இருக்கு.

ஆனா நான் இடிஞ்சு போனது அதுக்கெல்லாம் இல்ல. போனை வச்சுட்டுத் திரும்புனேன், மர்ஜானா கட்டில்ல உட்கார்ந்து என்னையே பார்த்துக்கிட்டு இருக்கா.

“உம்மா, வித்துருங்க.”

“என்னடி சொல்ற? அது உன் வீடு.”

“எனக்கு வேணாம். அங்கன காத்து அடிச்சாலே எனக்குத் தூக்கம் வராது. உங்ககிட்டச் சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல. நீங்க குறட்டை விடுவீங்க, நான் எந்திரிச்சு உட்கார்ந்து போனைப் பார்ப்பேன்.”

யாருக்காகப் புருசன்கிட்டச் சண்டை போடுறேனோ அவளே வேணாங்கிறா. இனிமே நான் என்ன சொல்லி நிக்கிறது? அந்த மிளகா நெடியில அவளுக்கும் கண்ணு கலங்குச்சு, எனக்கும் கலங்குச்சு. நல்லவேளை, நெடி இருந்துச்சு.

அந்தப் புயல் ஒரிசாவுக்குப் போச்சு. பாம்பன்ல கூண்டை இறக்குனாங்க. அதை எந்த டிவிக்காரனும் கத்திச் சொல்லல. காளிதாஸ் வந்து எங்களைத் திரும்பக் கூட்டிட்டுப் போனான். வீட்டுக்கு வந்தா கொடியில துப்பட்டா போட்டது போட்டபடி கெடந்துச்சு.

அதுக்கப்புறம் அந்த வீட்டுல இருக்கிறதே வாடகை வீட்டுல இருக்கிற மாதிரி ஆகிப்போச்சு. மதுரைக்காரர் வந்து டேப் பிடிச்சு அளந்தார். எங்க வாப்பா படுத்து மவுத்தான அறையில நின்னு, இதை இடிச்சுட்டு லாட்ஜுக்கு வரவேற்பறை வச்சுரலாம்னு போன்ல யார்கிட்டயோ சொன்னார். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். நான் முடியாதுன்னு சொன்னா யாரும் என் கையைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனா முடியாதுன்னு சொல்லிட்டு, காத்தடிக்கிற ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கிற மகளை எப்படிப் பார்க்குறது? நோன்பு முப்பதும் ஒவ்வொரு தொழுகையிலயும் இதையேதான் அல்லாஹ்கிட்டக் கேட்டேன். வழி ஒண்ணும் தெரியல.

பெருநாள் வந்துச்சு, போச்சு. மச்சான் அடுத்த வாரம் வாரார்னு டிக்கெட்டும் போட்டாச்சு. அப்பத்தான் சார்ஜாவுல மழை பேஞ்சுச்சு.

முதல்ல நான் நம்பல. பாலைவனத்துல என்ன பெரிய மழைன்னு இருந்துட்டேன். அப்புறம் மாஷிதா போனைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தா. ரோட்டுல கார் எல்லாம் மிதக்குது. ஏர்போர்ட்ல ப்ளேனு தண்ணியில நிக்குது. ஒரு கடைக்குள்ள பிரிட்ஜு மல்லாந்து மிதக்குது. எங்க மச்சான் ரூமுக்குக் கீழயும் அப்படித்தான் ஒரு கடை இருக்கு. போன் போட்டேன், போகல. திரும்பப் போட்டேன், போகல. தெருப் பொம்பளைங்க எல்லாம் எங்க வீட்டுக் கூடத்துல வந்து உட்கார்ந்துட்டாங்க. அந்த பிரிட்ஜு ஒவ்வொருத்தி போன்லயும் மிதந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நான் மச்சானுக்குப் போன் போட்டேன். ஒரே பிரிட்ஜுதான்னு புத்திக்குத் தெரியுது, கைக்குத் தெரியல.

ரெண்டு நாளு அப்படியே போச்சு. நான் சரியாச் சாப்பிடல. ஓத வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிட்டேன். மர்ஜானாதான் எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தா.

ரெண்டாம் நாள் அஸர் நேரம் இருக்கும், வீடியோ கால் வந்துச்சு. படம் ஒரே இருட்டு. அப்புறம் அவர் ஜன்னல் பக்கம் வந்து நின்னார், தாடி எல்லாம் கலைஞ்சு, பனியனோட.

“நூரு, பயப்படாத. ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லையா?”

“நாங்க நாலாவது மாடியில இருக்கோம். கரண்ட் இல்ல, லிப்ட் ஓடல. கீழ தண்ணி நிக்குது, இறங்க முடியல. அரிசி இருக்கு, கேஸ் இருக்கு. பக்கத்துக் கட்டடத்துல போன் சார்ஜ் ஏத்திக் கொடுத்தாங்க.”

“பொய் சொல்றீங்க. நான் வீடியோ பார்த்தேன். உங்க கட்டடத்துக் கடைதான் அது.”

“எந்த வீடியோ? பிரிட்ஜா? அது இங்கன இல்ல புள்ள, அது வேற ஏரியா. எங்களுக்கும் வந்துச்சு.”

“எங்களைப் பயமுறுத்தக் கூடாதுன்னு மறைக்கிறீங்க. அந்த ஊரே வேணாம் மச்சான். எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருங்க. உசுரு பெருசா, வேலை பெருசா?”

சொல்லி முடிச்சதுக்கு அப்புறம்தான் என் காதுக்கே கேட்டுச்சு. மர்ஜானா என்னைப் பார்த்தா. போன்ல அவரும் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

அவர் சிரிக்கல. சிரிச்சிருந்தா நான் போனைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்.

“ஒண்ணும் இல்லன்னு இப்படித்தானே நீயும் சொல்லிச் சொல்லிப் பார்த்த,” அப்படின்னார் மெதுவா. “வெயில் அடிக்குது மச்சான், வெயில் அடிக்குதுன்னு.”

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. போனை மர்ஜானா கையில கொடுத்துட்டு முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டேன். அவர் மகள்கிட்டப் பேசுறது கேட்டுச்சு.

“மர்ஜானா, சார்ஜு கொஞ்சந்தான் இருக்கு. வெளிய போய் கடலைக் காட்டும்மா.”

“கடலையா வாப்பா?”

“ஆமா. ரெண்டு நாளா இந்த ஜன்னல்ல நின்னு அழுக்குத் தண்ணியையே பார்த்துக்கிட்டு அடைஞ்சு கெடக்கேன். நம்ம கடலைப் பார்க்கணும்போல இருக்கு.”

எத்தனை வருசம். நான் தெருக்கோடிக்குப் போய்ப் போனைக் கடல் பக்கம் திருப்புனா “உள்ள போ, உள்ள போ”ன்னு அடிச்சுக்கிற மனுசன். நம்ம கடலுன்னு அவர் வாயில இருந்து வந்து நான் கேட்டதே இல்ல.

மர்ஜானா எந்திரிச்சு வாசல் வரைக்கும் போனா. அங்கன நின்னுட்டா. தெக்கே இருந்து காத்து அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அவ துப்பட்டா பறந்துச்சு. கதவுக்குப் பின்னாடி அவளோட பை இருக்கு. அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்தா. நான் எந்திரிச்சு, நானே காட்டுறேன், நீ இருன்னு சொல்ல வாயெடுத்தேன். மாஷிதா என் கையைப் பிடிச்சு அமுத்துனா.

“வாப்பா, இருக்கீங்களா?”

“இருக்கேன்மா. நட.”

அவ படி இறங்குனா. நாங்க எல்லாரும் வாசலுக்கு வந்துட்டோம். போனை முன்னாடி நீட்டிப் பிடிச்சுக்கிட்டே போறா, மெதுவா, குழந்தை கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போற மாதிரி. தெருக்கோடியில ஒரு தடவை நின்னா. அப்புறம் மணல்ல இறங்கி நேரா தண்ணிக்குப் போயிட்டா. காத்துல அலை கொஞ்சம் எந்திரிச்சுத்தான் இருந்துச்சு. அவ கால்ல வந்து அடிச்சுச்சு. அவ பின்னாடி வரல.

நான் பின்னாடியே போய் நின்னேன். அவ சொல்றது எனக்குக் கேட்டுச்சு.

“பாருங்க வாப்பா. இங்கன ஒண்ணும் இல்ல.”

“ஆமாம்மா,” அப்படின்னார் அவர். “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு. அந்தத் தீவு தெரியுதா?”

அவ தீவைக் காட்டுனா. மீன் பிடிக்கிற வத்தையைக் காட்டுனா. பந்து விளையாடுற பயலுகளைக் காட்டுனா. அதுக்குள்ள அவர் போன்ல சார்ஜு தீர்ந்து படம் அணைஞ்சுருச்சு. அவளுக்கு அது தெரியல போல, போனை நீட்டிக்கிட்டேதான் நின்னா. எனக்கும் சொல்ல மனசு வரல.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா முஸ்அப்புக்குப் போன் போட்டேன்.

“தம்பி, அந்த மதுரைக்காரரை இனிமே வர வேணாம்னு சொல்லிரு. வீடு விக்கிறதுக்கு இல்ல.”

“மச்சி, காக்காகிட்டப் பேசுனீங்களா? லைன் கிடைச்சுச்சா? என்ன சொன்னார்?”

“கடலைக் காட்டச் சொன்னார்,” அப்படின்னேன்.